முதலில் பிரேக், அப்புறம்தான் எஞ்சின்

சென்ற சித்திரைத் திருநாள் விழாப் பந்தியில் என் அருகே அமர்ந்திருந்த அன்பர் ஒருவர், "சார், உங்க பையன் காரை எடுத்துக்கிட்டு ரேஸ் டிராக்குக்குப் போறானாமே, நீங்க எப்படி விட்டீங்க?" என்று கேட்டார். அவர் வீட்டிலும் இருபத்து நான்கு வயதில் ஒரு பிள்ளை; அவனும் ஒரு பழைய காரை வாங்கி வைத்துக்கொண்டு அதையே சுற்றிச் சுற்றி வருகிறானாம். பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கும் பதில் அல்ல அது. ஆகவே அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

நம் தலைமுறைக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்பது நாட்காட்டிப் படத்தில் பார்த்த பொருள். அம்பாசடரும் பியட்டும் கிடைப்பதே பெரிய பாடு. இன்றும் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் நம் போன்றோர் கைக்கு எட்டாது. ஆகவே நம் பிள்ளைகள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன் வந்த சுறுசுறுப்பான குடும்பக் கார் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதையே ஸ்போர்ட்ஸ் காராக வளர்க்கிறார்கள். என் மகன் வாங்கியது பழைய ஹோண்டா சிட்டி விடெக். ஒன்றரை லிட்டர் எஞ்சின், 106 குதிரைத்திறன், எடையும் அதிகமில்லை. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டி என்பதால் தகுதிச் சோதனை காட்டி ஆர்.சி.யை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தோம். அதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை வந்தது ஓர் இரவு. விமான நிலையச் சாலையில் நள்ளிரவுக்கு மேல் நாலைந்து நண்பர்கள் "சும்மா ஒரு ரவுண்டு" போயிருக்கிறார்கள். அதில் ஒரு பையனுக்குத் தொடை எலும்பு முறிந்து ஆறு மாதம் படுக்கை. பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி குற்றம். 2019-இல் திருத்திய பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அந்தத் தாய் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த கோலத்துக்கு முன் அபராதமெல்லாம் ஒரு பொருட்டா? நான் சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு வாரம் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு அவனே வந்து, "அப்பா, ரோட்டுல ஓட்ட மாட்டேன். டிராக்குல ஓட்டலாமா?" என்று கேட்டான்.

டிராக் டே என்பது போட்டி அல்ல. பரிசும் இல்லை. கட்டணம் கட்டி, பந்தயத் தளத்தில் சொந்த வண்டியைச் சிறு குழுக்களாக முறை வைத்து ஓட்டும் நாள். எதிரே வண்டி வராது, மாடு வராது, பள்ளிப் பிள்ளை குறுக்கே ஓடாது. கொடி காட்ட ஆட்கள், தயாராக ஆம்புலன்ஸ், முந்துவதற்கென்று குறித்த இடங்கள் எல்லாம் உண்டு.

இந்த விஷயத்தில் நம் மண்ணுக்கு ஒரு தனிப் பெருமை இருப்பதைப் பிள்ளைகள் அறிவார்கள், நாம்தான் மறந்துவிட்டோம். இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடந்தது. அதை நடத்திய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பே 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத் தளத்தைத் திறந்தது. கோவை எஸ். கரிவர்தன் சாதாரண மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, நடுத்தரப் பிள்ளைகளும் பழக வழி செய்தார். அவர் 1995-இல் விமான விபத்தில் மறைந்த பிறகு, அவர் பெயராலேயே கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே அமைந்தது. அதே கோவையிலிருந்து போன நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். ஆக, டிராக் என்பது ஊதாரித்தனம் என்ற என் பழைய எண்ணம் தவறு. அது ஒரு பயிற்சிக்களம்.

சரி என்று சொன்னேன். ஆனால் அங்கேதான் நான் ஒரு பிழை செய்தேன். அனுமதி கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். முப்பது ஆண்டு ஒரு தொழிற்சாலையின் தரப்பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்த மனிதன், சொந்த வீட்டு வண்டியைப் பரிசோதிக்கவில்லை. மகன் தன் சம்பளத்தில் நாற்பதாயிரம் ரூபாய் போட்டு ஜே.சி. ரோட்டில் சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றினான். சத்தம் கம்பீரமாக இருந்தது. பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் நானும் கூட இருந்தேன். நாலாவது சுற்றில் ஒரு வளைவுக்கு முன் அவன் பிரேக்கை மிதித்திருக்கிறான். பெடல் பஞ்சு போல அமுங்கித் தரையைத் தொட்டுவிட்டது. வண்டி வளைவைத் தாண்டி, புழுதி கிளப்பிக்கொண்டு மண்ணில் ஓடி நின்றது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் புழுதி அடங்கி அவன் கதவைத் திறந்து இறங்கும் வரை எனக்கு உயிர் என்னிடம் இல்லை.

காரணம் மிக எளியது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். பிரேக் ஆயிலும் அப்படித்தான், காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் ஆவி; ஆவி அமுங்கும்; அமுங்கினால் பெடலின் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாது. நகரத்து நெரிசலில் அந்த அளவு சூடு ஏறுவதில்லை, ஆகவே குறையும் தெரிவதில்லை. டிராக்கில் நிலைமை வேறு. வேகம் 100-லிருந்து 140 ஆனால் பிரேக் தாங்க வேண்டிய சுமை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அதுவும் ஒரு சுற்றில் பல முறை.

ஆகவே என் கருத்து இதுதான்: பழைய காரை டிராக்குக்குத் தயார் செய்வதென்றால், வேகமாக ஓட வைப்பதற்கு ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், நிற்க வைப்பதற்கு வேண்டிய எல்லாச் செலவையும் முடிக்க வேண்டும். புது பிரேக் ஆயில் ஊற்றிக் காற்று நீக்கவும். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை அது. பேட் பாதி தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடவும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிப்பை இழந்திருக்கும். டைமிங் பெல்ட், கூலண்ட், ரேடியேட்டர் குழாய்கள், பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை எல்லாம் கைவைத்துப் பார்க்க வேண்டியவை. சக்கர நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, முதல் சில சுற்றுகளுக்குப் பின் மறுபடி பார்க்கவும். ஓட்டி முடிக்கும்போது கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூட்டை ஆற்ற வேண்டும். நிறுத்தியதும் கை பிரேக்கை இழுக்காமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது. வண்டிக்குள் தளர்ந்த பொருள் ஒன்றும் கூடாது. டாஷ்போர்டுப் பிள்ளையாரை எடுக்கச் சொன்னபோது என் மனைவிக்குச் சங்கடம். "அவர் நம்ம வீட்டுப் பூஜை அறையில இருந்தே பார்த்துப்பார்" என்று சமாதானம் சொன்னேன்.

இன்னும் இரண்டு விஷயம் பெற்றோர் அறிய வேண்டும். சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கும். டிராக்கில் அடிபட்டால் காசு வரும் என்று நம்பி யாரும் போக வேண்டாம். வண்டி போனால் போகட்டும் என்று மனது வராதவர்கள் அந்த வண்டியை எடுத்துப் போகவே கூடாது. அடுத்து, சாலையிலும் ஓடும் காரை உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பிலிருந்து இஷ்டம்போல் மாற்றச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எங்கள் வீட்டு நாற்பதாயிரம் ரூபாய்ச் சைலன்சர் கழற்றப்பட்டு இப்போது பரணில் இருக்கிறது.

"இதெல்லாம் வேக வெறியை வளர்க்காதா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. டிராக்கிலும் ஆபத்து உண்டு. நானே கண்ணால் கண்டேன். ஆனால் அன்று என் மகன் தவறினபோது எதிரே யாரும் இல்லை. அதே பெடல் நம் ஓசூர் சாலையில் அமுங்கியிருந்தால்? இன்னொன்றும் பார்க்கிறேன். டிராக்கில் தன் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று அறிந்த பிறகு அவன் சாலையில் நிதானமாகிவிட்டான். முன் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதில்லை. எல்லாப் பிள்ளைகளும் அப்படி மாறுவார்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். வேடிக்கை பார்க்கும் தகப்பனாக இருந்தபோது நடக்காதது, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் தகப்பனான பின் நடந்தது என்று மட்டும் சொல்வேன்.

நம்மில் எத்தனையோ பேர் தொழிற்சாலைகளில் இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர்கள். நம் சங்கத்தில் பாட்டுக்கும் கோலத்துக்கும் போட்டி வைக்கிறோம், நல்லதுதான். வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் தங்கள் வண்டிகளைக் கொண்டுவர, அனுபவப்பட்ட பெரியவர்கள் பிரேக்கும் டயரும் பார்த்துச் சொல்லும் நாளாக வைத்தால் என்ன? பெரிய செலவில்லை. செயற்குழு ஆலோசிக்க வேண்டுகிறேன். முதல் ஆளாக டார்க் ரெஞ்சுடன் வர நான் தயார். பந்தியில் கேள்வி கேட்ட அன்பரும் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு வர வேண்டும்.