பால் பல் சொத்தையை எதை வைத்து அடைப்பது? விடைபெறும் 'சில்வர்'... சிமெண்டா, கலர் ஃபில்லிங்கா, ஸ்டீல் கேப்பா?

"விழப்போற பல்லுக்கு எதுக்கு செலவு?" குழந்தையின் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு குழி தெரிந்ததும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி இதுதான். சரி, வைத்தியம் பார்க்கலாம் என்று முடிவாகிவிட்டால் அடுத்த குழப்பம் ஆரம்பம். ஒரு டாக்டர் சிமெண்ட் போதும் என்பார், இன்னொருவர் கலர் ஃபில்லிங் என்பார், மூன்றாமவர் 'ஸ்டீல் கேப் போட்டுடலாம்' என்பார். தாத்தா, பாட்டி வாயில் இன்னமும் உறுதியாக இருக்கும் அந்த வெள்ளி நிற அடைப்பைப் பற்றி மட்டும் இப்போது பேச்சே இல்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசம் கலந்த பல் அடைப்பை 2034-க்குள் உலகம் முழுக்க நிறுத்துவது என்று முடிவெடுத்துள்ளன. 2018-ல் இந்தியாவும் இந்த உடன்படிக்கையை ஏற்றது. குழந்தைகள் விஷயத்தில் கட்டுப்பாடு இதற்கு முன்பே வந்துவிட்டது. பால் பற்களுக்கும், 15 வயதுக்குக் குறைவானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைப் பயன்படுத்த விடக்கூடாது, அல்லது வேண்டாம் என்று பரிந்துரைக்க வேண்டும் என 2022-லேயே முடிவானது. மருத்துவர் அவசியம் என்று கருதினால் மட்டும் விலக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஜூலையிலேயே குழந்தைகளுக்கு நிறுத்தி, 2025 ஜனவரி முதல் எல்லோருக்குமே நிறுத்திவிட்டது.

சில்வர் அடைப்பு அவ்வளவு ஆபத்தா?

அமால்கம் எனப்படும் இந்தக் கலவையில் ஏறக்குறைய பாதி எடை பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. விலை குறைவு, பலம் அதிகம், பல்லில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் இதை நம்பியதற்கு இவைதான் காரணம்.

அமெரிக்காவிலும் போர்ச்சுகலிலும் மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்த இரண்டு ஆய்வுகள் 2006-ல் வெளியாகின. சில்வர் அடைப்பு வைத்த குழந்தைகளுக்கும் வைக்காதவர்களுக்கும் அறிவுத்திறனிலோ நினைவாற்றலிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் ஏன் தடை? பெரிய கவலை வாயைவிட வெளியில்தான். கிளினிக் சாக்கடையிலும் தகன மேடைப் புகையிலும் போகும் பாதரசம் ஆறு, கடல், மீன் என்று சுற்றி மறுபடி மனிதரின் தட்டுக்கே வருகிறது. ஜப்பானின் மினமாட்டா நகரில் தொழிற்சாலைக் கழிவுப் பாதரசம் மீன் வழியாக மனிதர்களை முடக்கிய கொடுமை 1956-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஊரின் பெயர்தான் உடன்படிக்கைக்கு.

ஆகவே ஏற்கெனவே சில்வர் அடைப்பு இருப்பவர்கள் பதறிப்போய் அதைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. 6 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இதைத் தவிர்க்கச் சொன்ன அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும், நல்ல நிலையில் இருக்கும் அடைப்பைக் கைவைக்காமல் விடுவதே மேல் என்றது. தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகமாக வெளியேறும்.

விழுற பல்தானே?

இங்கேதான் பல பெற்றோர் கணக்கு தப்புகிறது. முன்பற்கள் 6, 7 வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்கும். 4 வயதுக் குழந்தைக்கு அந்தப் பல்லில் சொத்தை வந்தால், வைக்கும் அடைப்பு ஆறேழு வருஷம் தாக்குப்பிடிக்க வேண்டும். அது மட்டுமில்லை. பால் பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளே நரம்பு கிட்டத்திலேயே இருக்கும். பெரியவர்களுக்கு வருஷக் கணக்கில் பரவும் சொத்தை இங்கே சில மாதங்களில் நரம்பைத் தொட்டுவிடும். பல்லைச் சீக்கிரமே பிடுங்கிவிட்டால் பின்னால் இருக்கும் பல் முன்னோக்கி நகர்ந்து, நிரந்தரப் பல்லுக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். தெத்துப்பல், பிறகு கம்பி கட்டுவது என்று செலவு நீளும்.

இன்னொரு விஷயம்: 6 வயதில் கடைசியாக, எந்தப் பல்லும் விழாமலேயே முளைக்கும் பெரிய பல், பால் பல் இல்லை. அது ஆயுசுக்குமான நிரந்தரப் பல். 'விழுந்துடும், விடு' என்று அதைக் கைவிடும் வீடுகள் ஏராளம்.

சிமெண்ட்: எளிது, ஆனால் எல்லா இடத்துக்கும் இல்லை

கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமெண்ட் 1969 வாக்கில் லண்டனில் ஓர் அரசு ஆய்வகத்தில் வில்சன், கென்ட் என்ற இருவர் உருவாக்கியது. பல்லோடு தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஃபுளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். லேசான ஈரத்தைச் சகித்துக்கொள்ளும். மிரண்டு அழும் குழந்தைக்கு இதைவிடத் தோதான பொருள் குறைவு. 1980-களில் மின்சாரமே இல்லாத தான்சானியக் கிராமங்களில், டிரில் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறை உருவானது. அந்த முறைக்கும் பின்னாளில் கைகொடுத்தது இதே சிமெண்ட்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

பலவீனம்? தேய்மானம், உடைசல். பல்லின் மேற்பரப்பில் மட்டும் இருக்கும் சின்னக் குழிக்கு நன்றாகவே உழைக்கும். இரண்டு கடைவாய்ப் பற்கள் உரசும் இடுக்கில் சொத்தை இருந்தால் சிமெண்ட் அடிக்கடி பெயர்ந்துவிடும். பிசின் கலந்த சிமெண்ட் வகை கொஞ்சம் கூடுதல் பலம்.

கலர் ஃபில்லிங்: அழகு இருக்கு, பொறுமை வேணும்

பல் நிறத்திலேயே இருக்கும் காம்போசிட்டை வைப்பது ஒரு சடங்கு மாதிரி. ஆசிட் ஜெல் தடவி, கழுவி, காயவைத்து, பசை பூசி, அடுக்கடுக்காக வைத்து, நீல ஒளி காட்டி இறுக்க வேண்டும். இத்தனை நேரமும் பல்லில் ஒரு சொட்டு எச்சில் படக்கூடாது. 8 வயதுப் பிள்ளை ஒத்துழைக்கும். 3 வயதுக் குழந்தை நாக்கை ஆட்டாமல் இருக்குமா? எச்சில் பட்டால் ஓரத்தில் இடைவெளி விழுந்து, அடைப்புக்கு அடியிலேயே மறுபடி சொத்தை ஆரம்பிக்கும். ரப்பர் விரிப்பு மாட்டிச் செய்யும் டாக்டர், அசையாமல் உட்காரும் குழந்தை, இந்த இரண்டும் அமைந்தால் இது நல்ல தேர்வு. முன்பல்லுக்கு அழகும் கூட.

காம்போமர் என்பது சிமெண்டுக்கும் காம்போசிட்டுக்கும் நடுவில் ஒரு ரகம். பிங்க், நீலம் என்று மினுமினுக்கும் நிறங்களிலும் கிடைக்கிறது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் ஈரம் இதற்கும் ஆகாது.

பெற்றோர் விரும்பாத ஸ்டீல் கேப்

"வாயைத் திறந்தா பளபளன்னு தெரியுமே, பொண்ணு போட்டோல எப்படி இருக்கும்?" ஸ்டீல் கேப் என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர்தான் அதிகம். ஆனால் கடைவாய்ப் பல்லின் இடுக்குச் சொத்தைக்குக் கையில் இருக்கும் ஆதாரம் இந்தப் பக்கமே சாய்கிறது.

ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் பின்பற்றிய முறை ஒன்று உண்டு. மயக்க ஊசி கிடையாது, டிரில் கிடையாது, சொத்தையைச் சுரண்டுவதுகூடக் கிடையாது. அளவான கேப்புக்குள் சிமெண்டை நிரப்பி, பல்லின் மேல் அப்படியே அழுத்தி மூடிவிடுவது. உள்ளே சிக்கிய கிருமிக்கு உணவு கிடைக்காமல் சொத்தை அங்கேயே நின்றுவிடும். கேட்க நம்ப முடியாதது மாதிரி இருக்கும். 132 குழந்தைகளிடம், ஒரே வாயில் ஒரு பக்கம் இந்தக் கேப், மறுபக்கம் வழக்கமான அடைப்பு என்று செய்து பார்த்தார்கள். 5 ஆண்டு முடிவில் வலி, சீழ் போன்ற பெரிய தோல்வி கேப் போட்ட பற்களில் 3 சதவீதம், அடைத்த பற்களில் 16.5 சதவீதம். அடைப்பு பெயர்வது, திரும்பச் செய்வது போன்ற சின்னத் தோல்வி 5-க்கு 42 சதவீதம். போட்ட சில வாரங்களுக்குக் கடிப்பது கொஞ்சம் உயரமாகத் தெரியும், பிறகு சரியாகிவிடும். பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழும்.

பல்லைத் தொடவே விடாத சின்னக் குழந்தைக்கு சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவம் இருக்கிறது. தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும், ஆனால் அந்த இடம் மைக் கறுப்பாகிவிடும். முன்பல்லுக்குச் சம்மதிக்கும் முன் பெற்றோர் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

பொருள் மட்டும் போதாது

பிரிட்டனில் 3 முதல் 7 வயதுவரை 1,144 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தோண்டி அடைத்தார்கள், ஒரு பிரிவுக்குச் சொத்தையை மூடி வைத்தார்கள், மூன்றாவது பிரிவுக்குத் தடுப்பு மட்டும். சுமார் மூன்று ஆண்டுகளில் மூன்று பிரிவிலுமே 10-ல் 4 குழந்தைகளுக்கு வலியோ சீழோ வந்தது. சொத்தை ஏற்கெனவே உள்ளே இறங்கிய வாய்க்கு எந்த அடைப்பும் முழு உத்தரவாதம் இல்லை. அடைத்துவிட்டு வந்த அன்றிரவே பால் பாட்டிலை வாயில் வைத்துத் தூங்கவிட்டால், அடுத்த பல்லில் அதே வேலை மறுபடி ஆரம்பம்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது 'எது ஸ்ட்ராங்' என்பதைவிட, இந்தப் பல் இன்னும் எத்தனை வருஷம் இருக்க வேண்டும், குழி மேலேயா இடுக்கிலா என்ற இரண்டைத்தான். 9 வயதுப் பிள்ளையின் ஆடத் தொடங்கிய பல்லுக்குச் சிமெண்டே தாராளம். 4 வயதில் இடுக்குச் சொத்தை என்றால் கேப்பை மறுக்கும் முன் ஒருமுறை யோசிக்கலாம்.

இரவில் தூக்கத்தை எழுப்பும் வலி, ஈறில் கொப்புளம், கன்னத்தில் வீக்கம் இருந்தால் இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாது. ஹால் கேப் உட்பட எதையும் வைத்து மூடக்கூடாது. நரம்புக்கான சிகிச்சை, முடியாவிட்டால் பல்லை எடுத்துவிட்டு இடம் காக்கும் கம்பி. வீக்கத்தோடு காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.