பசை தடவிய புண்ணியம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி. ஸ்டேஷனரி கடையில் நிற்க இடமில்லை. மறுநாள் காலை பள்ளியில் ‘பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்’ போட்டி. வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருளைக் கொண்டு பிள்ளைகள் ஒரு கலைப்பொருள் செய்து வர வேண்டும். ஐந்தாவது படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் கேட்டார்: “வேஸ்ட்டா சார்? எந்த கிளாஸு?”

வகுப்பு வாரியாக வேஸ்ட் தயாராக இருந்தது. யாரும் நக்கிச் சாப்பிடாத புத்தம்புது ஐஸ் குச்சிக் கட்டு, தெர்மாகோல் அட்டை, ஜிகினாத் தூள், பசை உருக்கி ஒட்டும் துப்பாக்கி. ஒரு பாட்டுகூடப் பதியாத புது சி.டி.யும் கிடைத்தது. எங்கள் வீட்டில் காலி பாட்டில் இல்லை. பக்கத்துக் கடையில் ஒரு குளிர்பானம் வாங்கினோம். மகன் பாதி குடித்தான், மீதியை நான் வாசலில் கொட்டினேன். அப்படித்தான் எங்கள் ‘வேஸ்ட்’ பிறந்தது. செலவு முந்நூறு ரூபாய்க்குப் பக்கம். தங்க நிறப் பெயின்ட் அடித்து, சணல் சுற்றி, கண்ணாடிச் சில் ஒட்டி, அந்த பாட்டிலைப் பூச்சாடி ஆக்கினோம். இரண்டாம் பரிசு கிடைத்தது.

அந்தப் பரிசைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

தூக்கிப் போட இருந்த பொருள்மேல் பசை தடவி, வண்ணம் பூசி, அலமாரியில் வைத்துவிட்டால் பூமிக்கு நல்லது செய்தாகிவிட்டது என்று இன்று ஊரே நம்புகிறது. பள்ளிக்கூடம் அதற்கு மதிப்பெண் போடுகிறது, மகளிர் குழு பயிற்சி வைக்கிறது, கைபேசியில் ஐந்து நிமிட வீடியோக்கள் வந்து விழுகின்றன. ‘யாரும் செய்யலாம், எளிது’ என்பது அவற்றின் பல்லவி. எளிதுதான். குப்பைக்கு ஒப்பனை செய்வது எப்போதுமே எளிது.

அந்த பாட்டிலின் கதையையே எடுத்துக்கொள்வோம். நாங்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் அது காயலான் கடைக்குப் போயிருக்கும். அங்கிருந்து மூட்டையாகக் கட்டப்பட்டு ஆலைக்குப் போய், கழுவி, சில்லு சில்லாக வெட்டி, உருக்கி, பாலியெஸ்டர் இழையாக இழுத்திருப்பார்கள். பெட் பாட்டிலுக்கு அப்படி ஒரு மறுபிறவி உண்டு. தெருத்தெருவாகப் பொறுக்குபவர், எடை போடுபவர், தரம் பிரிப்பவர் என்று அந்த வழியில் பலருக்குப் பிழைப்பும் உண்டு. பெயின்டும் பசையும் சணலும் ஏறியதும் அந்த வழி அடைபட்டுப் போனது. நான் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஆகாது சார்” என்று என்னிடமே கொடுத்துவிட்டார். மறுசுழற்சிக்குப் போக வேண்டிய ஒரு பொருளைக் கெடுத்து, நிரந்தரக் குப்பையாக்கி, அதற்குப் பரிசும் வாங்கியிருக்கிறோம்.

மற்றச் சாமான்களின் லட்சணத்தையும் பாருங்கள். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடைப் பட்டியலில் ‘அலங்காரத்துக்கான தெர்மாகோல்’ பெயரோடு இருக்கிறது. சுற்றுச்சூழலைக் காக்கும் போட்டியில் அதுதான் அடிப்பலகை! ஜிகினாத் தூள் என்பது கண்ணுக்கு அழகாகப் பொடித்த பிளாஸ்டிக். கழுவினால் சாக்கடைக்குப் போகும், பிறகு பிடித்தெடுப்பது கடினம். உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை செய்துவிட்டது. நம் பிள்ளைகள் அதைத்தான் பூமி உருண்டை வரைந்து அதன்மேல் தூவுகிறார்கள்.

இதற்கெல்லாம் ‘அப்சைக்கிளிங்’ என்று பெயர். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? 1994-ல் ரைனர் பில்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர், பழைய கட்டடங்களை இடிக்கும்போது நல்ல செங்கல்லையும் சேர்த்து நொறுக்குகிறார்களே என்று நொந்துகொண்டபோது சொன்னது. செங்கல்லைச் செங்கல்லாகவே எடுத்து இன்னும் மதிப்பான இடத்தில் வை என்பதுதான் அதன் சாரம். செங்கல்லுக்குப் பெயின்ட் அடித்து ஷோகேஸில் வை என்று அவர் சொல்லவில்லை.

ஜெர்மனிவரை போவானேன்? காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஐயம்பேட்டை. நெசவாளர் ஊர். இங்கே ஒரு தறி வீட்டுக்குள் நுழைந்து பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், மிச்சத்தை எப்படி மதிப்பது என்று தெரிந்துவிடும்.

தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவில் மூன்று நான்கு புடவை நெய்து முடித்ததும், தறியில் கொஞ்ச நீளம் பாவு மிஞ்சும். அதை இனி நெய்ய முடியாது. நம் கணக்கில் அது வேஸ்ட். நெசவாளர் அதை அறுத்து எறிவதில்லை. அந்த இழைகள் ஒவ்வொன்றும், பாவைத் தூக்கி இறக்கும் விழுதிலும் சீப்பு போன்ற அச்சிலும் கோத்தபடியே நிற்கின்றன. புதுப் பாவைக் கொண்டுவந்து, பழைய இழையின் நுனியையும் புது இழையின் நுனியையும் சேர்த்துப் பிடித்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்குகிறார்கள். முடிச்சு கிடையாது, பசையும் கிடையாது. ஒன்று முடிந்ததும் அடுத்தது. இப்படி ஆயிரக்கணக்கான இழை. எல்லாம் பிணைத்த பிறகு மெல்ல முன்னால் இழுத்தால், பழைய பாவு தன் வாலில் புதுப் பாவை இழுத்துக்கொண்டு விழுதையும் அச்சையும் கடந்துவிடும். பழசை அறுத்துப் போட்டிருந்தால் முதலிலிருந்து ஒவ்வொரு இழையாகக் கோக்க வேண்டும். அவ்வளவு வேலையை அந்த ஒரு முழ மிச்சம் மிச்சப்படுத்துகிறது.

நான் வைக்கும் அளவுகோல் இந்தப் பாவிலிருந்து எடுத்ததுதான். மிஞ்சிய பொருள் அடுத்த வேலைக்கு உதவ வேண்டும். அந்த வேலையும் முடிந்த பிறகு இன்னொரு கை அதை வாங்கிக்கொள்ளும்படி இருக்க வேண்டும். அடுத்த கையை மறிக்கிற எதுவும் மறுபயன் ஆகாது.

நம் பாட்டிமார் இதைச் சொல்லிக்கொடுக்காமலே செய்தார்கள். நூல் புடவை நைந்தால் நடுவில் கிழித்துத் தாவணி, அதுவும் போனால் பிள்ளைக்குத் தொட்டில், பிறகு தலையணை உறை, பிறகு அடுப்படியில் கரித்துணி. பழைய வேட்டி விளக்குத் திரியாகி எரிந்து முடியும். ஒவ்வொரு படியிலும் அது துணியாகவே இருந்தது. வங்கத்துக் காந்தாவும், வட கன்னடத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவண்டியும் இதே அறிவுதான். பழந்துணியை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டால் போர்வை ஆகிவிடும். அழகுக்காக யாரும் தனியாக மெனக்கெடுவதில்லை. தையல் ஓட ஓட அழகு தானே வந்து சேர்கிறது.

இந்த ஊர்க்காரனாக இன்னொரு ஆத்திரமும் எனக்கு உண்டு. உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைத்து நெய்த பழைய பட்டுப்புடவையைக் கத்தரித்து, அட்டையில் ஒட்டி, போட்டோ ஃபிரேம் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. பழைய ஜரிகைப் புடவையை விலை கொடுத்து வாங்கி அந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கிற தொழில் காஞ்சிபுரத்தில் காலங்காலமாக நடக்கிறது. கிழிந்து இனி தேறாத புடவை என்றால் விற்கலாம். உடல் நன்றாக இருந்து கரை மட்டும் போயிருந்தால் கரை மாற்றலாம். பேத்திக்குப் பாவாடை தைக்கலாம். ஃபெவிகால் தடவிய பட்டுத்துணியை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

“குழந்தைகளின் கற்பனை வளர்கிறதே, அதற்கும் தடை போடுவீர்களா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கலைக்கு நான் எதிரி இல்லை. சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் உடைந்த வளையல், பீங்கான் சில்லு, இடிந்த வீடுகளின் மிச்சம் இவற்றை ஆண்டுக்கணக்கில் ரகசியமாகச் சேர்த்துச் சிலைகள் செய்தார். 1976-ல் திறக்கப்பட்ட அந்த ராக் கார்டனைப் பார்க்க இன்றும் கூட்டம் போகிறது. கவனியுங்கள், அவர் எடுத்தவை வேறு எந்தக் கையும் தொடாத பொருள்கள். அவற்றுக்குப் போக்கிடம் இல்லை, அவர் ஓர் இடம் கொடுத்தார். நம் பக்கத்திலேயே ஆரோவில்லில், 2004 சுனாமிக்குப் பிறகு, உமா பிரஜாபதியின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளில் விரல் நீள பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். ஆடை தைத்து மிஞ்சிய துணிதான் மூலப்பொருள். பொம்மையை விற்பதில்லை, பரிசாகக் கொடுக்கிறார்கள். கடலைப் பார்க்கவே அஞ்சிய பெண்களுக்கு அந்த வேலை ஒரு பிடிமானம் ஆனது. இவை இரண்டும் குப்பையைக் கலையாக்கியவை. கலைக்காகக் குப்பையை விலைக்கு வாங்கிய கதை வேறு.

சரி, புதிதாகக் கைவேலை தொடங்குகிற பிள்ளை என்னதான் செய்வது? போட்டி முடிந்த வாரம், தங்க பாட்டிலை எதிர்வீட்டு ஆயாவிடம் காட்டினேன். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்கள் அவருக்கு. பாட்டிலைத் தட்டிப் பார்த்தார். “இதுல என்னாப்பா போட்டு வைக்கிறது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் என் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

பழைய செய்தித்தாளைச் சிறுசிறு துண்டாகக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நாளுக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். அரைப்பதற்கு முந்தைய இரவே ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறவைத்து, மறுநாள் இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். அன்று உரல், இன்று கிரைண்டர். வெந்தயம் வழவழவென்று கூழைப் பிடித்துக்கொள்ளும். ஒரு சட்டியைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணி போர்த்தி, கூழைப் பிழிந்து பிழிந்து அப்பி, உள்ளங்கையால் தட்டி மட்டம் செய்ய வேண்டும். என் மகன் “பசை எங்க ஆயா?” என்று கேட்டான். “வெந்தயம் இருக்கச்சே பசை எதுக்குடா கண்ணு?” என்றார். நல்ல வெயிலில் நாலு நாள் காய்ந்ததும் சட்டியை விட்டுக் கூடை கழன்று வந்தது. விளிம்பு கொஞ்சம் கோணல். இன்று ஆயா வீட்டில் அதில் தார்க்குச்சி கிடக்கிறது. தின்பண்டம் மட்டும் போட வேண்டாம், செய்தித்தாள் மை உணவுக்கு ஆகாது. உடைந்தால் மறுபடி ஊறவைத்து அரைக்கலாம், இல்லையென்றால் குப்பைக்குழியில் போட்டு எருவாக்கலாம். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் பல கொலு பொம்மைகளுக்கு உடல் தருவதும் காகிதக் கூழ்தான். அங்கே அதை அச்சில் போட்டு எடுக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. நைந்த புடவையை மூன்று நாடாவாகக் கிழித்து, சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. பழைய வேட்டியில் இரண்டு ஓரம் மடித்துத் தைத்தால் பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ என்ற துணிப்பை இயக்கத்துக்குப் புதுத் துணி வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இவை எல்லாவற்றுக்கும் முடிச்சு, மடிப்பு, பின்னல், தையல் தெரிந்தால் போதும். நாலும் பிரிக்கக்கூடியவை. ஒட்டுவதை விட்டுக் கட்டக் கற்றுக்கொடுங்கள். கற்பனை இங்கேதான் வளரும், ஏனென்றால் பொருள் என்ன சொல்கிறது என்று கை கேட்டாக வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் போட்டி வைக்கும்போது, செய்த பொருளோடு கடை ரசீதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். ரசீதே இல்லாத பிள்ளைக்கு முதல் பரிசு கொடுங்கள்.