கழுத்தைப் பற்றும் கை

புவெனஸ் அய்ரெஸ் நகரில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விருந்தோடு சேர்த்து டாங்கோ காட்டும் அரங்குகள் உண்டு. சுட்ட மாட்டிறைச்சியும் மதுவும் மேசைக்கு வந்து சேர்ந்தபின் விளக்குகள் தணியும். தொப்பியை நெற்றிக்கு இறக்கிவிட்ட ஒருவன், தொடைவரை பிளவு விட்ட சிவப்பு உடையில் ஒருத்தி. அவள் விலகிப் போகிறாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துச் சுண்டி இழுக்கிறான். அவள் கன்னத்தில் அறைகிறாள்; அவன் அவள் கழுத்தைப் பற்றுகிறான். அவள் தலை பின்னால் சாய்கிறது, முதுகு வில்லாக வளைகிறது, பந்தோனியோன் என்ற துருத்திக் கருவி நீளமாக ஒரு மூச்சை விடுகிறது. கூட்டம் கைதட்டுகிறது.

இதே காட்சி இப்போது உலகெங்கும் மேடையேறுகிறது. குடும்ப வன்முறையைக் கருவாகக் கொண்ட சமகால நடனங்களுக்கு டாங்கோ ஒரு வசதியான கையிருப்பாகிவிட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கை இன்னும் கழுத்தில்தான் இருக்கிறது. அதற்கு விழும் கைதட்டலும் குறையவில்லை.

கழுத்தைப் பற்றும் கைக்கு என்ன பொருள் என்பதைச் சாவுகளை எண்ணியவர்களிடம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, துணைவன் ஒருமுறை கழுத்தை நெரித்த பெண் பின்னாளில் அவன் கையால் கொல்லப்படும் வாய்ப்பு துணைவனின் வன்முறைக்கு உள்ளான மற்றப் பெண்களைவிட ஏழு மடங்குக்கு மேல் என்று கண்டது. அறையைவிட, உதையைவிட, அது தெளிவான முன்னறிவிப்பு. பல வேளைகளில் தோலில் தடம்கூட இருக்காது. இதனால்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயிர் போகாத கழுத்து நெரிப்பையே தனிக் குற்றமாக்கி, 2022 ஜூன் முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காவல்துறையும் மருத்துவமனையும் இப்போதுதான் அபாய மணியாகப் படிக்கப் பழகிவரும் ஓர் அசைவை, மேடை நூறாண்டுக்கும் மேலாகக் காதலின் உச்சம் என்று சொல்லித் தந்திருக்கிறது.

நூறாண்டு என்பது மிகையல்ல. 1908இல் பாரிஸின் மூலான் ரூஜ் அரங்கில் மிஸ்தங்கெத்தும் மாக்ஸ் தேர்லியும் ஆடிய 'அபாஷ்' நடனம், தெருச் சண்டியர் ஒருவன் தன் பெண்ணை இழுத்து, தூக்கி எறிந்து, மறுபடி அணைப்பதை நாகரிகக் கூட்டத்துக்கான கேளிக்கையாக்கியது. சில ஆண்டுகளில் டாங்கோ அதே பாரிஸுக்கு வந்து மோகமாகப் பரவியது. மேற்கத்திய மேடையும் திரையும் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கிவிட்டன. டாங்கோவின் சொந்த வீட்டிலும் குறை இல்லாமல் இல்லை. கார்லோஸ் கார்தெல் பாடிய 'அ லா லூஸ் தெல் காந்தில்' பாட்டில், மனைவியையும் அவள் காதலனையும் கொன்றவன் அவள் பின்னலையும் அவன் இதயத்தையும் பையில் போட்டுக்கொண்டு காவலரிடம் வருகிறான். கேட்பவர் இரங்க வேண்டியது அவனுக்காக. எத்முந்தோ ரிவேரோ பாடிய 'அமாப்லெமெந்தே'வில் கணவன் காதலனை மரியாதையாக அனுப்பிவைத்துவிட்டு, மனைவியைக் கனிவோடு முப்பத்துநான்கு முறை குத்துகிறான். அந்தக் 'கனிவு' எள்ளல்தான் என்று வாதாடுவோர் உண்டு. இருக்கட்டும், குத்தப்பட்டவள் எழுந்துவந்து அந்த எள்ளலை ரசிக்கப் போவதில்லை. (டாங்கோப் பாட்டுகளில் பெரும்பகுதி கைவிடப்பட்ட ஆண்கள் அழுவதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நாமும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த விருந்தரங்கு டாங்கோவுக்கு இதைவிடக் கச்சிதமான கதைச்சுருக்கம் கிடைக்காது.

அதற்காக வன்முறையை ஆடக் கூடாது என்பதல்ல. ஆடி, காணவே முடியாதபடி காட்டியவர் இருக்கிறார். ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் 1978இல் பீனா பாவுஷ் அமைத்த 'கஃபே ம்யுல்லர்' நாடகத்தில் ஒரு பகுதி. ஒருத்தியும் ஒருவனும் கட்டியணைத்து நிற்கிறார்கள். மூன்றாம் ஆள் வருகிறான். அணைப்பைப் பிரிக்கிறான், இருவர் உதட்டையும் பொருத்துகிறான், அவள் கையை அவன் கழுத்தில் போடுகிறான், அவளைத் தூக்கி அவன் கைகளில் கிடத்துகிறான், போகிறான். ஆணின் கைகள் தளர, அவள் தரையில் விழுகிறாள். உடனே எழுந்து மறுபடி அவனைக் கட்டிக்கொள்கிறாள். மூன்றாமவன் திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்கிறான். மறுபடியும், மறுபடியும், வேகமாக, இன்னும் வேகமாக. முதல் தடவை சிரிப்பு வரலாம். பிறகு அவர்களின் மூச்சிரைப்பு மட்டுமே காதில் விழும். கடைசியில் மூன்றாம் ஆள் தேவைப்படுவதில்லை. முத்தம், தூக்கல், விழுதல் எல்லாவற்றையும் இருவரும் தாமாகவே செய்துகொள்கிறார்கள்.

அறை இல்லை, ரத்தம் இல்லை, சிவப்பு உடை இல்லை. கணவன் என்பவன் எப்படி நிற்க வேண்டும், மனைவி என்பவள் எத்தனை முறை எழ வேண்டும் என்று அமைத்துவிட்டு வெளியேறும் மூன்றாமவனை நம் எல்லோருக்கும் தெரியும்; பல குடும்பங்களில் அவர் கல்யாணத்தை முன்னின்று நடத்தியவர். பாவுஷ் 1980இல் தென்னமெரிக்கப் பயணம் முடிந்து 'பந்தோனியோன்' என்ற படைப்பையும் செய்தார். பழைய டாங்கோ இசைத்தட்டுகள் ஓடிக்கொண்டே இருக்கும். சுற்றுலாப் பயணி தேடி வரும் டாங்கோவை மட்டும் அதில் காண்பது அரிது.

ஏன் அவர் அதைத் தவிர்த்தார் என்பதை ஊகிக்க முடிகிறது. டாங்கோ இருவரின் சம்மதத்தால் மட்டுமே நிற்கும் ஆட்டம். அவன் அவளை இழுத்துச் செல்வதாகக் காட்டும் காட்சியில்கூட அவள் தன் எடையைத் தானே தாங்கி, தன் அச்சில் தானே நின்றால்தான் இருவரும் விழாமல் இருப்பார்கள். எனவே வன்முறையை எவ்வளவு திறமையாக ஆடுகிறார்களோ அவ்வளவுக்கு அவளும் விரும்பியே உடன்படுவதாகத் தெரியும். நேர்த்தியே பொய் சொல்லத் தொடங்கிவிடும். இது ஆடுபவரின் குற்றமல்ல. வடிவத்துக்குள்ளேயே இருக்கும் பொறி.

ஆனால் அதே வடிவத்துக்குள் உண்மை சொல்லும் வழியும் ஒன்று இருக்கிறது. டாங்கோ வகுப்பில், வழிநடத்தப்படுபவரிடம் ஆசிரியர்கள் ஓயாமல் சொல்வது: ஊகிக்காதே, காத்திரு. அடுத்த அடியை முன்கூட்டியே ஊகித்து வைத்துவிடுவது அங்கே பிழை. வன்முறை நடக்கும் வீட்டில் பிழைத்திருப்பதற்கு அதுதான் ஒரே வழி. சாவி கதவில் திரும்பும் ஓசையிலிருந்தே அவன் எந்த மனநிலையில் வருகிறான் என்று அறிந்து, குழந்தையை உள்ளே அனுப்பி, குரலைத் தாழ்த்தி, அவன் கேட்குமுன் கொண்டுவந்து வைப்பாள். அவன் அசையுமுன்பே அசைந்துவிடும் ஒரு பெண்ணை மேடையில் காட்டுங்கள். அவன் விரல்கூட உயராமல் அவள் ஒவ்வோர் அடியும் சரியாக விழட்டும். பார்ப்பவருக்கு வயிற்றைப் பிசையும். அடியே விழாமல் ஒருவரின் பணம், தொலைபேசி, நட்பு, நடமாட்டம் அனைத்தையும் பிடிக்குள் வைப்பதை இங்கிலாந்து 2015இல் குற்றமாக்கியது. அப்படிப்பட்ட பிடியைக் காட்டுவதற்கு, ஒருவர் நடத்த ஒருவர் பின்தொடரும் இந்த ஆட்டத்தைவிடப் பொருத்தமான கலை எது? அதைக் கைவிட்டுவிட்டு அறையையும் இழுப்பையும் தேர்ந்தெடுப்பது சோம்பல்.

முடிவுக் காட்சியும் அப்படித்தான். இத்தகைய ஐந்து நிமிட நடனங்களில் கடைசியில் அவள் கையை உதறி வெளியேறுவாள். பின்னால் வெள்ளை ஒளி விரியும். அரங்கு எழுந்து நிற்கும். பிரிந்து போகும் தறுவாயும் அதற்கடுத்த மாதங்களும்தான் பல பெண்களின் உயிருக்கு மிக ஆபத்தான காலம் என்பதை அடைக்கலம் தரும் இல்லங்களில் பணியாற்றும் எவரும் சொல்வார்கள். மேடையில் திரை விழும் இடத்தில் அவர்களின் வேலை தொடங்குகிறது.

இவையெல்லாம் வெறும் அழகியல் சச்சரவு என்று ஒதுக்கிவிடும் நேரமல்ல இது, குறிப்பாக டாங்கோவின் தாய்நாட்டில். அர்ஜென்டினா உச்சநீதிமன்றப் பதிவேட்டின்படி 2023இல் மட்டும் 250 பெண்கொலைகள். 35 மணி நேரத்துக்கு ஓர் உயிர். 2015 ஜூன் 3 அன்று 'நி உனா மெனோஸ்', இனி ஒருத்தியையும் இழக்க மாட்டோம் என்ற முழக்கத்தோடு நாடாளுமன்றத்தின் முன் திரண்ட கூட்டம் உலகுக்கே ஒரு பாடத்தை நடத்தியது. 2019இல் அந்நாட்டில் பெண்களுக்கென்று தனி அமைச்சகம் உருவானது. அதிபர் ஹாவியர் மிலெய் பதவியேற்றதும் அது தரமிறக்கப்பட்டு, 2024இல் எஞ்சியதும் மூடப்பட்டது. 2025 ஜனவரியில், 2012 முதல் தண்டனைச் சட்டத்தில் இருக்கும் பெண்கொலை என்ற பிரிவையே நீக்கப்போவதாக நீதித்துறை அமைச்சர் அறிவித்தார். நீதிமன்றம் எண்ணி வைத்த சாவுக்குப் பெயரே வேண்டாம் என்கிறது அரசு. அந்தச் சாவின் ஒத்திகைக்கு விருந்தரங்கு மாலைதோறும் நுழைவுச்சீட்டு விற்கிறது.

டாங்கோவை 2009இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. விருந்தரங்கு காட்டுவது அந்தப் பாரம்பரியத்தின் உடை மட்டுமே. ஊர்க்காரர்கள் ஆடும் மிலோங்காக் கூடங்களில் வேறொரு மரபு உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் 'கபெசேயோ': ஆடக் கேட்பவர் அறையின் மறுகோடியிலிருந்து பார்வையால் கேட்டுத் தலையை லேசாக அசைப்பார். விருப்பமில்லாதவர் கண்ணைத் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் அவமானமில்லை. மறுப்பதற்கு இத்தனை நாசூக்கான ஏற்பாடு வைத்திருக்கும் ஆட்டத்தைத்தான், மறுப்பு செல்லாத ஆட்டமாக மேடை விற்கிறது. கூடங்களும் மாசற்றவை அல்ல. மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்தது ஒரு 'தாந்தா'. நடுவில் 'கிராசியாஸ்' (நன்றி) சொல்லி விலகுவது முகத்தில் அடிப்பதாகக் கருதப்படுவதால், அத்துமீறும் கையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அங்குள்ள பெண்ணிய டாங்கோ இயக்கத்தினர் மிலோங்காக்களில் வன்முறை நேர்ந்தால் அமைப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்று நெறிமுறை வகுத்துத் தந்திருக்கிறார்கள். அதைச் சுவரில் ஒட்டாத கூடங்கள் ஒட்டட்டும். ஆண்டுதோறும் உலக டாங்கோப் போட்டியை நடத்தும் புவெனஸ் அய்ரெஸ் நகர அரசு, மேடைப் பிரிவின் நடுவர்களிடம் கழுத்தைப் பற்றும் அசைவைப் பற்றி ஒரு வார்த்தை பேசட்டும். குடும்ப வன்முறையை ஆடப்போகும் நடன அமைப்பாளர், ஒத்திகைக்கு முன் அடைக்கல இல்லம் ஒன்றில் பணியாற்றியவரை அழைத்து உட்கார வைத்துக் கேட்கட்டும். வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான அர்ஜென்டினாவின் 144 என்ற உதவி எண்ணை விருந்தரங்குகள் நுழைவுச்சீட்டின் பின்புறம் அச்சிடட்டும்.

தாந்தாவுக்கும் தாந்தாவுக்கும் இடையே ஒரு நிமிடம்கூட நீடிக்காத வேறொரு இசைத்துணுக்கு ஒலிக்கும். எல்லோரும் இருக்கைக்குத் திரும்ப வேண்டிய நேரம் அது. எவள் கையை எவன் இன்னும் விடாமல் பிடித்திருக்கிறான் என்று கூடத்துக்குப் பொறுப்பானவர் அப்போது நிமிர்ந்து பார்க்க வேண்டும்.