டீசல் எஞ்சினும் ஹைப்ரிட் காரும்: ஜோடிப் பொருத்தம் எப்படி?

சனிக்கிழமை மாலையில் கருவடிக்குப்பம் சிவாஜி சிலை பக்கம் நின்று, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குள் வரும் கார்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். சென்னையிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் ஜம்மென்று ஓடிவந்த வண்டி, இங்கே வந்ததும் ஆமையாகிவிடும். கொக்கு பார்க், ராஜீவ் காந்தி சிலை, இந்திரா காந்தி சிலை என்று சிக்னலுக்குச் சிக்னல் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று... எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், சக்கரம் மட்டும் சுற்றாது.

நெடுஞ்சாலையில் மைலேஜ் தருவதில் டீசல்தான் ராஜா. ஊருக்குள் நின்று நின்று போவதில் ஹைப்ரிட் ராஜா. அப்படியானால் இரண்டையும் ஒரே காரில் வைத்துவிட்டால்? எஞ்சினியரிங் மாணவர்கள் டீக்கடையில் கூடினால் கட்டாயம் ஒருவராவது எழுப்பும் கேள்வி இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காரைப் பொறுத்தவரை இது பொருந்தாத ஜோடி. காரணம் டீசல் மோசமான எஞ்சின் என்பதல்ல. அது ஏற்கெனவே நல்ல எஞ்சின் என்பதுதான்!

புதிர் மாதிரி இருக்கிறதா? ஹைப்ரிட் கார் எதைச் சேமிக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும். பெட்ரோல் எஞ்சினில் உள்ளே போகும் காற்றை ஒரு தகடு (த்ராட்டில்) அடைத்துக் கட்டுப்படுத்துகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஊர்ந்து போகும்போது, அந்தக் குறுகிய இடைவெளி வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே எஞ்சின் தன் சக்தியில் ஒரு பகுதியைத் தொலைக்கிறது. ஹைப்ரிட் இந்த நேரம் பார்த்து எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரால் வண்டியை நகர்த்துகிறது. டீசலில் காற்றை அப்படி அடைப்பதில்லை. உள்ளே தெளிக்கும் டீசலின் அளவைக் குறைத்தாலே போதும். அதனால் சும்மா நிற்கும்போதும் ஊரும்போதும் அது குடிப்பது குறைவு. நோய் குறைவாக இருப்பவனுக்கு மருந்தால் எவ்வளவு லாபம் வந்துவிடும்?

அடுத்தது இழுவை. மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு பலத்தோடு இழுக்கும். டீசலும் குறைந்த சுற்றிலேயே நன்றாக இழுக்கும். இருவருக்கும் ஒரே திறமை! ஒரே கடைக்கு இரண்டு சமையல்காரர்கள், இருவருக்குமே சாம்பார் மட்டும்தான் தெரியும் என்றால் என்ன பயன்? டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. அட்கின்ஸன் முறையில் இயங்கும் பெட்ரோல் எஞ்சின் சிக்கனமானது, ஆனால் கீழ்ச் சுற்றில் பலம் கம்மி. தனியாக விட்டால் வண்டி இழுக்காது. அந்த ஓட்டையை மோட்டார் அடைத்துவிடுகிறது. ஒருவர் குறையை மற்றவர் நிரப்புவதுதானே ஜோடி? அந்த வகை எஞ்சின் பிறகு வளர்ந்து, 2015இல் வந்த பிரியஸில் 40 சதவீத வெப்பத்திறனைத் தொட்டுவிட்டது. கார் டீசல் எஞ்சின்கள் அதைவிடச் சற்றே மேலே. அந்தச் சிறிய வித்தியாசத்துக்காக ஒரு டீசல் எஞ்சினின் விலையையும் எடையையும் சுமப்பானேன்?

பெரிய பெரிய கம்பெனிகள் முயன்று பார்க்காமல் இல்லை. அமெரிக்க அரசு 1993இல் மூன்று கார் நிறுவனங்களையும் சேர்த்துத் தொடங்கிய திட்டத்தின் இலக்கு, குடும்பக் கார் ஒன்று லிட்டருக்கு ஏறக்குறைய 34 கிலோமீட்டர் தரவேண்டும் என்பது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், டைம்லர்கிரைஸ்லர் மூன்றும் மாதிரிக் கார்களைக் காட்டின. மூன்றும் டீசல் ஹைப்ரிட்! ஒன்றுகூட ஷோரூமுக்கு வரவில்லை. 2011இல் பிரான்ஸின் பூஜோ 3008 ஹைப்ரிட்4 வந்தது (பிரெஞ்சு வண்டி என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குத் தனிப் பாசம் இருக்கலாம்). முன்சக்கரத்துக்கு 163 குதிரைசக்தி டீசல், பின்சக்கரத்துக்கு 37 குதிரைசக்தி மோட்டார். அழகான யோசனைதான். ஆனால் 3008இன் அடுத்த தலைமுறையில் டீசல் ஹைப்ரிட் இல்லை. அதில் பின்னர் வந்த ஹைப்ரிட் பெட்ரோல்தான்.

இந்தியக் கதை இன்னும் சுவாரஸ்யம். 2015 ஏப்ரலில் மத்திய அரசு ஃபேம் என்ற மானியத் திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு மாருதி, சியாஸ் டீசலிலும் எர்டிகா டீசலிலும் எஸ்.ஹெச்.வி.எஸ். என்ற அமைப்பைச் சேர்த்தது. பெல்ட்டில் ஓடும் ஒரு ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டர், கொஞ்சம் பெரிய பேட்டரி, அவ்வளவுதான். சிக்னலில் எஞ்சினை அணைக்கும், பிரேக் பிடிக்கும்போது சார்ஜ் ஏற்றும், கிளம்பும்போது லேசாகக் கைகொடுக்கும். மோட்டார் மட்டும் தனியாக வண்டியை ஓட்டாது. இதற்கு 'மைல்டு ஹைப்ரிட்' என்று பெயர், காருக்கு 13,000 ரூபாய் மானியம்.

கிடைத்தது என்ன? சியாஸ் டீசலின் சோதனை மைலேஜ் 26.21இலிருந்து 28.09 ஆனது. வருடம் 15,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இது சுமார் 38 லிட்டர் மிச்சம். லிட்டர் 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,900 ரூபாய். காருக்குப் பின்னால் ஒட்டிய ஹைப்ரிட் எழுத்துக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை! பெட்ரோல், டீசல் எதுவும் தொடாமல் ஓடும் மின்வண்டிகளை வளர்க்க வேண்டிய மக்கள் வரிப்பணத்தில் ஒரு பங்கு, சாதாரண டீசல் காருக்குத் தள்ளுபடியாகப் போய்ச் சேர்ந்தது. அரசு கடைசியில் விழித்துக்கொண்டு 2017 ஏப்ரல் 1 முதல் மைல்டு ஹைப்ரிட்டை மானியத்திலிருந்து நீக்கியது.

பிறகு 2022இல் மாருதி கிராண்ட் விட்டாரா வந்தது, பெட்ரோல் ஸ்ட்ராங் ஹைப்ரிட். அதன் சோதனை மைலேஜ் 27.97. சியாஸை விடப் பருமனான, உயரமான வண்டி, டீசல் ஹைப்ரிட் தொட்ட எண்ணையே பெட்ரோலில் தொட்டுவிட்டது. இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் வரும் கரியமில வாயு சுமார் 2.7 கிலோ, பெட்ரோலுக்கு 2.3 கிலோ. லிட்டருக்கு லிட்டர் சமம் என்றால், சுற்றுச்சூழல் கணக்கில் பெட்ரோல் ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

புகை விஷயத்தில் டீசலின் பாடு இன்னும் திண்டாட்டம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்ததிலிருந்து டீசல் காரின் சைலன்சர் பாதையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடை அடக்கத் தனி ஏற்பாடு எல்லாம் தேவை. இவை வேலை செய்ய நல்ல சூடு வேண்டும். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி அளவுக்குப் போக வேண்டும். ஹைப்ரிட்டோ அடிக்கடி எஞ்சினை அணைத்து அணைத்து ஆறவைக்கிறது. ஒருவர் அடுப்பை மூட்ட, இன்னொருவர் தண்ணீர் ஊற்றுகிற கதை. இந்தச் செலவுகளை எல்லாம் கணக்குப் பார்த்த மாருதி, அந்தத் தேதியோடு டீசலையே விட்டுவிட்டது.

"ரயில் எஞ்சின் டீசல்-எலக்ட்ரிக்தானே, அது ஓடவில்லையா?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். ஓடுகிறது, பிரமாதமாக ஓடுகிறது. ஆனால் அங்கே டீசல் மின்சாரம் தயாரிக்கிறது, மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது, கியர்பாக்ஸுக்குப் பதில் மின்கம்பி, அவ்வளவே. வழக்கமான ரயில் எஞ்சினில் பிரேக் பிடிக்கும் சக்தியைச் சேமிக்கும் பேட்டரி கிடையாது. அந்தச் சக்தி மின்தடையில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடும். அது ஹைப்ரிட்டே இல்லை.

டீசல் ஹைப்ரிட் உண்மையிலேயே பொருந்தும் இடம் பஸ்தான். டன் கணக்கில் எடை, நூறு மீட்டருக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொரு பிரேக்கிலும் வீணாகும் சக்தி ஏராளம். நாள் முழுக்க ஓடுவதால் போட்ட கூடுதல் பணமும் திரும்பும். மும்பையில் 2018இல் டாட்டாவின் டீசல் ஹைப்ரிட் பஸ்கள் 25 ஓடத் தொடங்கின. கனமான கார்களுக்கும் ஓரளவு இந்த நியாயம் உண்டு. 2025இல் டொயோட்டா ஃபார்ச்சூனர் டீசலில் 48 வோல்ட் உதவி மோட்டார் வந்ததும், மெர்சிடிஸ் விலையுயர்ந்த டீசல் பிளக்-இன் கார்களை விற்பதும் அதனால்தான். அந்த விலைக்கு வாங்குபவர்கள் கருவடிக்குப்பம் சிக்னலில் எரியும் டீசலைப் பற்றிக் கவலைப்படுவார்களா என்பது வேறு விஷயம் :-)

கவலைப்பட வேண்டியவர், பழைய வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்ட நினைப்பவர். 2015, 2016 மாடல் சியாஸ் டீசல்கள் இன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. வண்டி நல்ல வண்டி, எஞ்சினும் கெட்டியான எஞ்சின். ஆனால் "ஹைப்ரிட் சார், இருபதாயிரம் கூட ஆகும்" என்று புரோக்கர் ஆரம்பித்தால், பானட்டைத் திறந்து, அந்தப் பெரிய பேட்டரி எப்போது மாற்றியது, புதிதாகப் போட்டால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பேரம் அங்கிருந்து கீழ்நோக்கித்தான் போக வேண்டும்.