ரத்தம் கசிபவர்கள் எங்கே கிடைப்பார்கள்?

ஒரகடத்தில் களஆய்வுக்குப் போன இடத்தில் பழக்கமான தம்பி அவன். வயது 24. சேரியிலிருந்து கம்பெனி பஸ் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளி. கடுமையான ஹீமோஃபிலியா, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி அவன் உடம்பில் கிட்டத்தட்ட இல்லை. ஷிஃப்ட் முழுக்க நின்றால் முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். சூப்பர்வைசரிடம் பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்வான். “உண்மையைச் சொன்னா நாளைக்கு கேட்டுக்குள்ள விடமாட்டாங்க அண்ணா.”

வீங்கிய பிறகு அரசு மருத்துவமனையில் காரணி ஏற்றிக்கொள்வான். வீங்காமல் தடுக்க வாரம் இரண்டு மூன்று முறை நரம்பில் ஏற்றவேண்டும். எந்த ஒப்பந்ததாரர் அதற்கு லீவு தருவார்?

ஃபிட்டுசிரான் என்றொரு தடுப்பு மருந்து வந்திருக்கிறது. தோலுக்கடியில் போடும் ஊசி. சிலருக்கு ஆண்டுக்கு ஆறே போதும். 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. அதன் சோதனை முடிவுகளில் ஒன்றை 2023-இல் ‘லான்செட் ஹீமட்டாலஜி’யில் முதல் ஆசிரியராக வெளியிட்டவர் வேலூர் சிஎம்சியின் அலோக் ஸ்ரீவஸ்தவா. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிப் போகும் அதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது வேலூர்.

அந்தக் கட்டுரையின்படி மருந்து பெற்றவர்களில் பாதிப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் கசிவே வரவில்லை. ஒப்பீட்டுக் குழுவில் ஆண்டுக்குச் சராசரி 31 கசிவு. கசிந்த பிறகு மட்டுமே காரணி பெற்றவர்கள் அவர்கள். தடுப்பு சிகிச்சை வழக்கமாகிவிட்ட நாட்டில் இப்படியொரு குழுவைத் திரட்டுவது கடினம். தம்பியைப் போன்றவர்களைக் கசியவிட்ட ஊரில் எளிது. நம் புறக்கணிப்பே அறிவியலுக்கு மூலப்பொருள்.

உடனே “சோதனை எலி” என்று பதிவு போடும் தோழர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. 2009-இல் கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்பிவி ஊசி போட, பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டதை நான் மறக்கவில்லை. ஆனால் சோதனையே கூடாது என்றால் தம்பியின் முழங்காலுக்கு என்ன பதில்? ஃபிட்டுசிரான் சோதனையில் 2017-இல் ஒருவர் மூளைச் சிரையில் ரத்தம் உறைந்து இறந்தார்; சோதனை நிறுத்தப்பட்டு, பின்னர் தொடர்ந்தது. அந்த ஆபத்தில் உடம்பைக் கொடுத்தவர்களுக்குக் கைம்மாறு என்ன? 2019 மருத்துவச் சோதனை விதிகள், சோதனைக்குப் பின் இலவச மருந்தைப் பங்கேற்றவருக்கு மட்டுமே, அதுவும் மருத்துவர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால்தான் தருகின்றன. அதே நோயோடு பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கு அதில் இடமில்லை.

தம்பியின் சம்பளத்தில் ஈஎஸ்ஐ-க்கு மாதாமாதம் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். தடுப்பு ஊசியை ஈஎஸ்ஐ தரவேண்டும், நோயைச் சொன்னதற்காக வேலை போகக்கூடாது என்று எந்தச் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. நம் அமைப்புகளின் பட்டியலிலும்தான்.

போன வாரம் மறுபடி வீங்கியது. இரவு ஷிஃப்ட். போனான்.