கால் விரியவில்லை என்று பிள்ளையின் தோளை அழுத்தாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

என் பேரன் எட்டாம் வகுப்பு. இரண்டு வருடமாகக் கராத்தே போகிறான். போன மாதம் பெல்ட் டெஸ்ட் நெருங்கியதால் காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தோடு போன பிள்ளைகளை உட்கார வைத்து, எடுத்த எடுப்பிலேயே ஸ்ப்ளிட் போடச் சொன்னாராம் மாஸ்டர். இவனுக்குக் கால் முழுதாக விரியவில்லை. பின்னால் நின்ற பெரிய பையன் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு தாத்தா" என்றான்.

பின்தொடைத் தசை இடுப்பெலும்பைப் பிடித்திருக்கும் இடத்தில் சின்னத் துண்டு ஒன்று பெயர்ந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. வளரும் வயதில் அந்த இடம் இன்னும் முழு எலும்பாகியிருக்காது, குருத்தெலும்போடு இருக்கும் என்றார் டாக்டர். பெரியவர்களுக்குத் தசை கிழிகிற அதே இழுப்பில் பிள்ளைகளுக்கு எலும்பின் ஓரமே பிய்த்துக்கொண்டு வந்துவிடுமாம்.

மாஸ்டரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் அதைச் செய்தவன்தான். எங்கள் பள்ளியில் பி.டி. வாத்தியார் இல்லாத ஒரு வருடம், விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் வேலை தமிழாசிரியரான என் தலையில் விழுந்தது. காலைப் பனியில் நிற்க வைத்து, முட்டி மடங்காமல் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடு என்பேன். தொடாதவன் முதுகில் கை வைத்து அமுக்குவேன். எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஒருவன் வலிக்கிறது என்றான். சோம்பேறி என்றேன். அவன் அந்த வருடம் ஓடவில்லை. இப்போது இந்தப் பக்கத்தில் இருக்கிறான். தம்பி, நீ சோம்பேறி இல்லை. தப்பு என்னுடையது.

குளிர்ந்த உடம்பை இழுப்பதற்குப் பெயர் வார்ம்-அப் இல்லை. பெயரிலேயே சூடு இருக்கிறதே! முதலில் மெதுவான ஓட்டம், குதியாட்டம். தசைக்கு ரத்தம் போய் லேசாக வியர்க்க வேண்டும். பிறகு அசைந்துகொண்டே செய்பவை: காலை முன்னும் பின்னும் வீசுவது, முட்டியைத் தூக்குவது, இடுப்பு, தோள், மணிக்கட்டு சுழற்றுவது. கடைசியில் பாதி வேகத்தில் கிக், பஞ்ச். இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அசையாமல் பிடித்து இழுத்து வைக்கும் ஸ்ட்ரெச்சிங்கிற்குச் சரியான நேரம் வகுப்பின் முடிவு. உடம்பு சூடாக இருக்கும்போது, அவரவர் பலத்தில், வலிக்கு முன்பே நிறுத்தி. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படி இழுத்து வைத்துவிட்டு உடனே உதைத்தால், உதையின் வேகம் கூடாது. கொஞ்ச நேரத்துக்குக் குறையும். அப்படியானால் ஸ்ப்ளிட்டே வேண்டாமா என்றால், வேண்டும். உயரமாக உதைக்க இடுப்பு விரியத்தான் வேண்டும். அது மாதக்கணக்கில் வருவது. டெஸ்டுக்கு முந்தின வாரம் அமுக்கி வரவழைப்பதல்ல.

என் மைத்துனர் வழக்கம்போல, "புரூஸ் லீ எல்லாம் இப்படிக் கொஞ்சிக்கொண்டா கத்துக்கிட்டார்?" என்றார். நல்ல ஆளைக் கேட்டார். 1970-இல் அதே புரூஸ் லீ, சரியாக வார்ம்-அப் செய்யாமல் தோளில் பளுவை வைத்து முன்னால் குனிந்து முதுகைக் கெடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

நம் ஊர் ஆசான்களுக்கு இது தெரியாததல்ல. சிறுவயதில் எங்கள் தெருவில் சிலம்பம் சொல்லிக்கொடுத்தவர் கம்பை முதலில் கையில் கொடுக்கவே மாட்டார். வெறும் காலடி போட்டுப் போட்டுச் சட்டை நனைந்த பிறகுதான் கம்பு. கேரளத்துக் களரியிலும் உடம்பைப் பழக்கும் மெய்த்தாரி முதலில், கோல் அதற்கு அப்புறம்தான்.

பிறகு ஏன் இப்போது அவசரம்? பெற்றோர்களே, நாமும்தான் காரணம். "ஃபீஸ் கட்டினால் பாதி நேரம் ஓடத்தான் விடுகிறார், கட்டா எப்போது சொல்லிக்கொடுப்பார்?" என்று வாசலில் நின்று பேசுகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். அந்த ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ். மாஸ்டரின் பெல்ட் கலரைப் பார்ப்பதைவிட முதல் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். யாராவது ஒரு பிள்ளையின் தோளையோ முட்டியையோ அழுத்தினால் எழுந்து போய் நிறுத்துங்கள். மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பேரன் இப்போது மெதுவாக நடக்கிறான். அடுத்த வாரம் மறுபடியும் எக்ஸ்ரே. மாஸ்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார், என்னிடம் அதிகம் பேசவில்லை. ஆனால் நேற்று அந்தப் பக்கம் போனபோது பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை போய் பெஞ்சில் உட்கார்ந்து முழுதாகப் பார்க்கப்போகிறேன். எட்டாம் வகுப்பு பி பிரிவுக்காரர் ஊரில் இருந்தால் வரலாம். காபி என் செலவு.