கம்ப்யூட்டர் பெட்டியை மாற்றும் முன் இரண்டு ஒயரைப் பாருங்கள்

கேள்வி: வங்கிக் கடனில் 2022-ஆம் ஆண்டு மாடல் பொக்லைன் வாங்கி, பண்ணைக்குட்டை வெட்டவும் வாய்க்கால் தூர்வாரவும் வாடகைக்கு ஓட்டி வருகிறேன். மழைக்குப் பிறகு திரையில் 639, 9 என்று எண்கள் வருகின்றன. இன்ஜின் ஓடுகிறது, ஆனால் வேகம் ஏறுவதில்லை. சில நேரம் மீட்டர் முள் எல்லாம் ஒன்றாக விழுந்து, தானே சரியாகிவிடுகிறது. இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியை மாற்ற வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– வாசகர், மன்னார்குடி வட்டம்

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெட்டி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. இன்ஜெக்டர் எப்போது, எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்று சொல்வதே அந்தப் பெட்டிதான். அது செத்திருந்தால் இன்ஜின் ஓடாது. உங்கள் வண்டியில் பெட்டி உயிரோடு இருக்கிறது. அதன் பேச்சு மற்ற பெட்டிகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

வேளாண்மை படித்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை நண்பர்களோடு நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். 2021 ஏப்ரலில் புதிய புகை விதி வந்த பிறகு, இந்த அளவு இயந்திரங்களில் மின்னணு இன்ஜின் வழக்கமாகிவிட்டது. இன்ஜினுக்கு ஒரு பெட்டி, ஹைட்ராலிக்குக்கு ஒன்று, திரைக்கு ஒன்று என்று இருக்கும். இவை எல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே ஒயர்களில், முறை வைத்துப் பேசிக்கொள்கின்றன. ஒரே வாய்க்காலில் பல வயல்களுக்கு முறைத் தண்ணீர் போவது போல. நடுவில் உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. அதற்காகக் கடைமடை வயலைக் குறை சொல்வோமா?

639 என்பது இந்த ஒயர் இணைப்பைக் குறிக்கும் எண். கூட வரும் 9, தகவல் உரிய நேரத்தில் வரவில்லை என்கிறது. எந்தப் பெட்டி புகார் சொல்கிறது, யாரைப் பற்றிச் சொல்கிறது என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே பெட்டியைக் காணோம் என்றால், அந்தப் பெட்டிக்குப் போகும் ஃபியூஸ், மின்சாரம், எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். ஒன்றையொன்று காணோம் என்று எல்லாமே சொன்னால் பொது ஒயரில்தான் கோளாறு. உங்களுக்கு முட்கள் எல்லாம் ஒன்றாக விழுந்து தானே எழுவதால், எங்கோ எர்த் தளர்ந்திருக்கிறது, அல்லது ஒயர் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் பேட்டரி. ஸ்டார்ட் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 9.6-க்குக் கீழே இறங்கினால் அதைச் சரிசெய்யுங்கள். அதே நேரத்தில் பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டர் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, துருவைச் சுரண்டி முறுக்குங்கள்.

அடுத்ததுதான் முக்கியமான அளவு. சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். பல இயந்திரங்களில் கேபினுக்குள் ஒன்பது துளை உள்ள வட்டமான கனெக்டர் இருக்கும். துளைகளுக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். சி, டி இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். உங்கள் வண்டியில் வேறு வகை என்றால் கையேட்டைப் பாருங்கள். 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒயரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால் சேர்ந்து 60 வருகிறது. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது, அல்லது நடுவில் ஒயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் வந்தால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அப்போது மீட்டரைப் பார்த்தபடியே கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அளவு ஏறுகிறதோ, கோளாறு அந்தப் பக்கம்.

60 சரியாக இருந்தாலும் விடாதீர்கள். உங்களுடையது விட்டுவிட்டு வரும் கோளாறு. ஒருவர் மீட்டரைப் பார்க்க, இன்னொருவர் ஒயர் கட்டை அடி முதல் நுனி வரை அசைக்க வேண்டும். சீட்டுக்குப் பின்புறம், பூம் மடங்கும் இடம், இன்ஜின் அறைக்குள் நுழையும் துளை ஆகிய இடங்களில் நின்று அசையுங்கள். கனெக்டரைத் திறந்தால் பச்சைப் பூப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மழைக்குப் பிறகு வந்த கோளாறு என்பதால் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம் அதிகம்.

அடுத்த சந்தேகம் எலி. எனக்குத் தெரிந்த ஓர் இயந்திரம் தூர்வாரும் பருவத்தில் 11 நாள் சும்மா நின்றது. பெட்டியை மாற்றியும் சரியாகவில்லை. கடைசியில் சீட்டுக்கு அடியில் மஞ்சள், பச்சை ஒயர்களை எலி கடித்திருந்தது தெரிந்தது. மாற்றிய பெட்டியைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. எலிக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிக்காமல் இருக்க முடியாது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். வயலுக்கு வைக்கும் தஞ்சாவூர் கிட்டியில் இரண்டை ஷெட்டிலும் வையுங்கள்.

கடிபட்ட ஒயரைச் சும்மா முறுக்கி டேப் ஒட்டுவது அடுத்த மழை வரைதான். சால்டர் வைத்து, நீர் புகாத உறை போட்டு, பழையபடி இரண்டையும் சேர்த்து முறுக்க வேண்டும். அளப்பதற்காக ஒயரின் தோலில் ஊசி குத்தவும் விடாதீர்கள். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைத்தீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. வெல்டிங் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி, கையேடு சொல்லும் பெட்டிகளின் கனெக்டரையும் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் பெட்டி உண்மையிலேயே போகக்கூடும்.

பெட்டிக்கு மின்சாரமும் எர்த்தும் சரி, 60 ஓமும் அசையாமல் நிற்கிறது, அப்படியும் அது பதில் சொல்லவில்லை என்றால் மெக்கானிக் சொல்வது சரி, மாற்றுங்கள். அந்த அளவுகளை அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டி பாக்கி இருந்தால் ஒயரை வெட்டாமல் முதலில் விற்றவரிடம் காட்டுங்கள். அசைத்துப் பார்த்தபோது எந்த இடத்தில் அளவு மாறியது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.